மருந்தும் மருத்தும்

கனகரத்தினத்தின் மொறிஸ் மைனர் ஒருமுறை கோப்பாய்ச் சந்தியில் ஹோர்ன் அடித்தபோது, கள்ளுத் தவறணைக்குள் இருந்த மூன்று பேர் அந்த இடத்திலேயே குடியை விட்டார்கள். அதில் இரண்டு பேர் இன்றைக்கும் தொடுவதில்லை. மூன்றாமவர் ஹோர்ன் பழுதான பிறகு திரும்பத் தொடங்கிவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

நான் சொல்ல வந்தது ஹோர்னைப் பற்றியல்ல, பிறேக்கைப் பற்றி.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். உரும்பிராயில் எங்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் என்றுமில்லாத விலை. ஆனால் கார்ப் பிறேக்குக்கு ஒரு றப்பர் கப் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் முழுக்க அலைந்து, கடைசியில் ஒருவன் தன் பழைய காரில் கழற்றித் தருவதை வாங்க வேண்டும். கனகரத்தினம் அந்தக் காரை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடினார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவர், மனைவி குணலட்சுமி, புருசன் இல்லாத அவருடைய தமக்கை பாலேஸ்வரி. நான் அடுத்த வளவு. பெயர் தம்பிஐயா. பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்ந்தவன்.

காரில் கனகரத்தினம் எதைப் பொறுத்தாலும் பிறேக்கில் ஒரு குறையைப் பொறுக்கமாட்டார். மொறிஸ் மைனரில் பிறேக்கின் எண்ணெய்க் குடுவை சாரதியின் காலடிக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தை நீக்கி, தகட்டில் உள்ள மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். அதைத் திறக்க முன்னர் அவர் ஈரத்துணியால் துடைப்பார், பிறகு காய்ந்த துணியால் துடைப்பார், பிறகு ஊதுவார். எங்கள் செம்மண் புழுதியில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் றப்பரை அறுத்துவிடும் என்பார்.

அந்தத் திரவத்தை எல்லோரும் "பிறேக் ஒயில்" என்றுதான் சொல்வார்கள். கனகரத்தினத்துக்கு அந்தச் சொல் ஆகாது.

"ஒயில் எண்டு சொல்லாதையுங்கோ. ஒயில் எண்டு சொல்லிச் சொல்லித்தான் அளவெட்டியிலை ஒருத்தன் எஞ்சின் ஒயிலை விட்டவன். றப்பரெல்லாம் ஊதி, நாலு சில்லும் இறுகி, காரை மாடு கட்டி இழுத்தது. இது மருந்து. காருக்கு மருந்து."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது மருந்து. பிழை வரக்கூடாது என்று அவர் வைத்த பெயர் அது. அந்தப் பெயரால்தான் பிழை வந்தது.

மருந்தின் குணங்களை அவர் குணலட்சுமிக்குச் சொல்லியிருந்தார். ஒன்று, அது பெயின்றைத் தின்னும். ஒருநாள் மட்காட்டில் மூன்று துளி சிந்தி, காலையில் பார்த்தால் மூன்று இடத்தில் பெயின்ற் சுருங்கி எழும்பியிருந்தது. அன்று அவர் பகல் சாப்பிடவில்லை. மற்றது, அது தண்ணீரை இழுக்கும். மூடியைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தையே குடிக்கும்.

"தண்ணி குடிச்சால் என்ன? தண்ணியும் தண்ணிதானே" என்று குணலட்சுமி கேட்டாள்.

"குளிரேக்கை ஒண்டுமில்லை. காலை வைச்சால் கல்லு மாதிரி நிக்கும். அடிக்கடி பிறேக் போட்டுச் சூடேறினால் உள்ளை தண்ணி கொதிக்கும். கொதிச்சால் ஆவி. ஆவியை மிதிச்சு என்னத்தை நிப்பாட்டுறது? பெடல் அப்பிடியே அடியிலை போய் இருக்கும். உது காட்டாத சாமான், குணம். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு காட்டிக்கொண்டிருந்து, தேவைப்படுற நேரம் இல்லையெண்டிடும்."

வருடப்பிறப்புக்கு முதல்நாள் பின்னேரம். காற்று ஒரு பொட்டும் இல்லை. என் வளவு முருங்கையில் ஒரு இலை அசையவில்லை. பின்சில்லில் கசிவு கண்டு, றப்பரை மாற்றி, பழைய மருந்து முழுவதையும் எடுத்துப் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தார் கனகரத்தினம். அடுத்தநாள் பெரிய ஹயர். மயிலிட்டிச் சம்மாட்டி நமசிவாயம், வள்ளம் இரண்டு வைத்திருந்தவர், தன் குடும்பத்தைக் கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் கொண்டுபோய் வரக் கேட்டிருந்தார். வேலிப் பொட்டுக்குள்ளால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜக்கில் ஏற்றிய காரின் பின்சில்லடியில் அவர் படுத்திருந்தார். றப்பர் குழாய் ஒன்று சில்லில் இருந்து ஜாம் போத்தலுக்குள் இறங்கியது. குணலட்சுமி சாரதி ஆசனத்தில், பெடலில் கால் வைத்து இருந்தாள்.

"அமத்து."

"அமத்திப்போட்டன்."

"பிடிச்சுக்கொண்டிரு. விடாதை. ம்... இப்ப விடு."

"விட்டிட்டன்."

"நான் சொல்ல முதல் விட்டனியோ, சொன்னாப் பிறகு விட்டனியோ?"

"சொல்லேக்கை."

"சொல்லேக்கை எண்டால் காத்து உள்ளை போயிருக்கும். திருப்பி அமத்து."

"இருவது வரியமாய் உங்கடை சொல்லுக்கு நான் இவ்வளவு கெதியாய் ஆடினதில்லை."

"அதுதான் இருவது வரியமாய் உன்னட்டைக் காத்துப் போகேல்லை. அமத்து."

பத்துத் தரம் மிதித்தால் குடுவையில் மட்டம் இறங்கிவிடும். அவர் கீழே இருந்தபடியே சொன்னார்:

"சாமியறையிலை மருந்துப் போத்தில் கிடக்கு. எடுத்து வந்து ஊத்து."

யாழ்ப்பாணம் நாவாந்துறையில் கராஜ் வைத்திருந்த வின்சன்ற், எப்படியோ எடுத்துவைத்திருந்த ஒரு பழைய தகரத்தில் இருந்து கொடுத்த மருந்து அது. தகரம் கறள் பிடித்திருந்ததால் கனகரத்தினம் சர்பத் போத்தலுக்கு மாற்றி, தக்கை இறுக்கி, வீட்டில் ஆகக் காய்ந்த இடம் சாமியறை என்று முருகன் படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். யாருக்கும் காட்டவில்லை.

ஒரு மணித்தியாலம் முன்னர்தான் பாலேஸ்வரி கோயிலுக்குப் போய் வந்திருந்தாள். வருடப்பிறப்பு விடிய எல்லோரும் தலையில் வைத்து முழுகுவதற்கு ஐயர் காய்ச்சிக் கொடுக்கும் மருத்துநீர். அதையும் ஒரு சர்பத் போத்தலில் வாங்கிவந்து, முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, "மருத்து வைச்சிருக்கிறன், கால் படாமல் பாருங்கோ" என்றும் சொல்லியிருந்தாள்.

சில்லடியில் இருந்து வரும் சொல்லில் மருந்துக்கும் மருத்துக்கும் எவ்வளவு தூரம்? சாமியறையில் கண்ணில் பட்ட போத்தல் ஒன்றுதான் என்று குணலட்சுமி படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்து வந்தாள்.

"இஞ்சேருங்கோ, மஞ்சளாயெல்லோ கிடக்கு."

"மஞ்சளாய்த்தான் இருக்கும். கறுத்தால்தான் பழுது."

"ஒரு மணமும் மணக்குது."

"மருந்தெண்டால் மணக்கும்தானே. ஊத்து, புழுதி விழுத்தாமல்."

கனகரத்தினத்துக்கு மூக்கு வேலை செய்வதில்லை. முப்பது வருடம் மூக்குத்தூள் போட்ட மூக்கு. ஒருமுறை அவர் சட்டைப்பையில் இருந்த இறால் மூன்று நாள் கழித்து வண்ணானிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

நான்கு சில்லும் ஏற்றி முடிய ஒரு மணித்தியாலம் சென்றது. முதலில் கறுப்பாக வந்தது, பிறகு மண்ணிறமாக, கடைசியில் தெளிந்த மஞ்சளாக. ஜாம் போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் வேலிப்பக்கம் திரும்பினார்.

"பாத்தியளோ தம்பிஐயாண்ணை. எவ்வளவு சுத்தமாய் வருது."

நான் ஓம் என்றேன். அந்த ஓமை இன்றுவரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு அவர் ஏறி இருந்து மிதித்துப் பார்த்தார். பெடல் கல்லு மாதிரி நின்றது. குணலட்சுமி வெறும் போத்தலைக் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

விடிய, புண்ணியகாலத்தில், பாலேஸ்வரி சாமியறைக்குப் போனாள். வைத்த இடத்தில் போத்தல் இல்லை. படத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது. குணம் எடுத்துப் பக்குவமாய் வைத்திருக்கிறாள் என்று அதைக் கொண்டுவந்தாள். கனகரத்தினத்தைக் கிழக்குப் பார்க்க இருத்தி, தலைக்கு ஒரு இலை, காலுக்கு ஒரு இலை வைத்து, உச்சியில் மூன்று தரம் விட்டாள்.

"அக்கா, என்ன இது இப்பிடி வழுக்குது?"

"ஐயர் இந்த முறை ஏதோ கூட்டிப் போட்டிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு குனி."

தன் பிறேக்குக்கு வைத்த மருந்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, முழுகி, பொங்கலும் சாப்பிட்டு, பொட்டும் வைத்து, எட்டு மணிக்குக் கனகரத்தினம் புறப்பட்டார். கார் படலையைத் தாண்டும்போது ஒருதரம் பிறேக் போட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அச்சாப் பிறேக்.

ஒன்பதரை மணிக்குப் பாலேஸ்வரி கூப்பிட்ட குரல் கேட்டு நான் ஓடினேன். அவள் வாசலில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருடப்பிறப்புக்கென்று மூன்று நாளுக்கு முன்னர்தான் நீலப் பெயின்ற் அடித்த கதவு. மிஞ்சிய மருத்துநீரை மாவிலையால் தொட்டுக் கதவுக்கும் தெளிப்பது அவளுடைய வழக்கம். தெளித்த இடமெல்லாம் பெயின்ற் பாலாடை மாதிரிச் சுருங்கி எழும்பி நின்றது. சில இடத்தில் தோலாகக் கழன்று தொங்கியது.

"தம்பிஐயா, வருசப்பிறப்பண்டு வாசல்கதவு தோலுரியுது. இது என்ன குறி?" என்றாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. "ஆருக்கோ ஏதோ வரப்போகுது. எங்கடை வீட்டை ஆர் வெளியிலை? அவன் ஒருத்தன்தான் வெளியிலை."

குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த குணலட்சுமி கதவைப் பார்த்தாள். கிட்டப்போய் ஒரு விரலால் தொட்டு, விரலோடு விரலைத் தேய்த்தாள். பிறகு தன் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தாள். கிணற்றடிக்குப் போய், கவிழ்த்து வைத்த போத்தலை எடுத்து வந்து மணந்தாள். கழுவியும் போகாமல் அடியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. என்னிடம் நீட்டினாள்.

மஞ்சள், வேர்க்கொம்பு, துளசி, கோரோசனை. கோயில் மணம்.

"எனக்கு நேத்தே மணந்தது" என்றாள் அவள். "கேட்டனான். ரெண்டு தரம் கேட்டனான்."

"என்னடி சொல்லுறாய்?" பாலேஸ்வரிக்கு விளங்கவில்லை.

"மச்சாள், நீங்கள் எங்கடை தலையிலை வைச்சது காரின்ரை மருந்து. நான் காருக்கு ஊத்தினது உங்கடை மருத்து. முழுப் போத்திலும். தண்ணி. நாலு சில்லுக்கும் தண்ணி."

பாலேஸ்வரி கதவடியிலேயே குந்திவிட்டாள். குணலட்சுமி என்னைப் பார்த்தாள்.

"தம்பிஐயாண்ணை, சைக்கிளுக்குக் காத்து இருக்கோ?"

வருடப்பிறப்பன்று பஸ்ஸை நம்பமுடியாது. மயிலிட்டி எட்டு மைல். அவள் கரியரில் ஒருபக்கமாக இருந்தாள். ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்றாள்.

ஊரெழு, புன்னாலைக்கட்டுவன், வசாவிளான். புகையிலை வெட்டிய கட்டைகள் தோட்டம் தோட்டமாக நின்றன. தண்ணிப் பம்புகள் ஒன்றும் ஓடவில்லை. செம்மண் றோட்டோரம் முழுக்கப் புதுச்சட்டைக்காரர். சந்திக்குச் சந்தி போர்த்தேங்காய் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தேங்காயைக் கீழே வைக்க, மற்றவன் தன் தேங்காயால் ஓங்கி அடிக்க, ஒன்று உடையும். அந்தச் சத்தம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பின்னால் கரியர் அதிர்ந்தது.

ஊரெழுவில் நிறுத்திக் கேட்டேன்.

"ஓம், கனகரத்தினத்தின்ரை கார் போச்சு. ஒரு மறி ஆடு குறுக்காலை பாய்ஞ்சது. ஒரு அடி பிடிச்சார் பாருங்கோ, ஆட்டின்ரை வாலிலை முட்டிக்கொண்டு நிண்டுது. அப்பிடிப் பிறேக் நான் காணேல்லை."

புன்னாலைக்கட்டுவனில் ஒரு கடைக்காரர்:

"இந்தச் சந்தியிலை சனம் விலகேல்லை. பிடிச்சுப் பிடிச்சுத்தான் போனவர். ஒரு இருவது தரம் பிடிச்சிருப்பார். நல்ல கார்."

வசாவிளானில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் சில்லில் இருந்து சூடு வந்ததையே சொன்னார். "காலிலை பட்டுது, அடுப்படி மாதிரி. பிறேக்குக்குப் புதுச் சப்பாத்துப் போட்டவரோ? இறுக்கிப் போட்டிருக்கிறார் போலை. ஆனால் நல்லா நிண்டுது."

ஊர் ஊராக அந்தப் பிறேக்குக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் குணலட்சுமி "ஓம்" என்று மட்டும் சொன்னாள். வசாவிளான் தாண்டியபிறகு அவள் முதன்முதலாகக் கதைத்தாள்.

"போகேக்கை அவர் ஒராள்தானே, அண்ணை. வரேக்கை எத்தினை பேர்?"

நான் மிதித்தேன். அன்றைக்கு நான் மிதித்த வேகத்தில் சைக்கிளின் நிழல் பின்தங்கிவிட்டது என்று நான் பிறகு பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கு மூச்சு வாங்கி மூன்று இடத்தில் இறங்கி உருட்டினேன்.

மயிலிட்டியில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில். சம்மாட்டி வீட்டில் இராசாத்தி என்ற பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அவையள் வெளிக்கிட்டு ரெண்டு மணித்தியாலம். சம்மாட்டியார், சிவக்கொழுந்தக்கா, பிள்ளையள், சம்மாட்டியாரின்ரை கொழுந்தியும் பிள்ளையளும். ஒம்பது பேர். டிறைவரோடை பத்து. வாற நேரந்தான், சோறு வடிச்சிட்டன். ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?"

"எந்தப் பக்கத்தாலை வருவினம்?" என்று குணலட்சுமி கேட்டாள்.

இராசாத்தி கைகாட்டினாள். மேற்கே இருந்து வரும் றோட்டு கரைக்கு நேரே வந்து, வலையும் மீனும் வைக்கும் வாடிகளுக்கு முன்னால் சட்டென்று வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பாவிட்டால் நேரே வள்ளங்கள். திருப்பத்திலேயே இருபது முப்பது பிள்ளைகள் வட்டமாக நின்று போர்த்தேங்காய் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

குணலட்சுமி ஓடிப்போய் அவர்களைக் கலைத்தாள். அவர்கள் சிரித்தார்கள். உரும்பிராயில் இருந்து வந்த ஒரு பெண், தலைமயிர் எண்ணெய் பிசுபிசுக்க, சேலை முழுக்கச் செம்மண்ணாக நின்று கையை வீசினால் வேறென்ன செய்வார்கள். நான் என் கொண்டக்டர் குரலில் "பின்னாலை போங்கோ, பின்னாலை போங்கோ" என்றேன். அந்தக் குரலுக்கு யாழ்ப்பாணத்தில் ஆட்கள் காரணம் கேட்பதில்லை. பிள்ளைகள் வாடிப்பக்கம் நகர்ந்தார்கள்.

அப்போது கார் தெரிந்தது. வெயில் கானலில் அது நிலத்தில் படாமல் வருவதுபோல் இருந்தது. முன்னால் மூன்று தலை, பின்னால் எண்ணமுடியாத தலை. ஒரு பிள்ளையின் கை யன்னலுக்கு வெளியே கடலைக் காட்டிக்கொண்டு வந்தது.

குணலட்சுமி றோட்டின் நடுவுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

அது பிழை என்று எனக்கு அந்தக் கணத்திலேயே விளங்கியது. பிறேக் இல்லை என்று சொல்ல வந்தவள், பிறேக் பிடிக்கச் சொல்லி நிற்கிறாள். கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் கார் கிட்ட வந்துவிட்டது.

கனகரத்தினத்தின் முகம் தெரிந்தது. முதலில் வியப்பு. பிறகு அவருடைய தோள் கீழே அமர்ந்தது, ஒருவன் இல்லாத படியில் கால் வைத்தால் அமருவதுபோல். இரண்டாம் தரம் அமர்ந்தது. மூன்றாம் தரம். கார் அதே வேகத்தில் வந்தது. அவர் சக்கரத்தை இடப்பக்கம் வெட்டினார். குணலட்சுமியின் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு கார் றோட்டை விட்டு இறங்கி, காயப் போட்டிருந்த வலைக் குவியலுக்குள் மூக்கைப் புதைத்து, மணலில் ஒருபக்கம் சரிந்து நின்றது.

பிறகு உள்ளே பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக அழத் தொடங்கினார்கள். அது நல்ல சத்தம். எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

நமசிவாயத்தார் இறங்கி வேட்டியை உதறினார். "என்ன மோனை நடந்தது?"

"கால் வழுக்கிப் போச்சு" என்றார் கனகரத்தினம். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "இவள் திடீரெண்டு நடு றோட்டிலை... பதகளிச்சுப் போனன்."

வாடியில் இருந்து எட்டுப் பேர் வந்தார்கள். வள்ளம் இழுக்கும் ஆட்களுக்கு மொறிஸ் மைனர் ஒரு கூடை மீன் மாதிரி. வலையைக் கழற்றி, தூக்கி றோட்டில் வைக்க அரை மணித்தியாலம் ஆனது. வலை ஒரு பாகம் கிழிந்திருந்தது. இராசாத்தி எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் குணலட்சுமி புருசனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"மருத்தோ? பிறேக்குக்கோ?" அவர் சிரிக்கப் பார்த்தார். "விசர்க்கதை கதையாதை. இருவது மைல் ஓடிப்போட்டு வந்திருக்கிறன். நிண்ட இடமெல்லாம் நிண்டது."

"குளிரேக்கை நிக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

"மெய்தான் கனகரத்தினம்" என்றேன் நான். "நான் போத்திலை மணந்து பாத்தனான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிஐயாண்ணை, போன வரியம் பருத்தித்துறை பஸ்ஸிலை சுறா ஏறினதெண்டு சொன்னவர் நீங்கள்."

"சுறா இல்லை. திருக்கை."

அந்த இடத்தில் நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரேயொரு உண்மை அப்படி மணலில் விழுந்தது.

கனகரத்தினம் காரில் ஏறி இருந்து மிதித்தார். பெடல் நின்றது. திரும்ப மிதித்தார். நின்றது. கல்லு மாதிரி.

"சம்மாட்டியார், நீங்களே மிதிச்சுப் பாருங்கோ."

நமசிவாயத்தார் குனிந்து கையால் அமத்திப் பார்த்தார். "நல்லாத்தான் கிடக்கு."

"பாத்தியோ?" என்றார் கனகரத்தினம் மனைவியிடம்.

"சூடு ஆறியிருக்கு. அவ்வளவுதான்."

"பின்னேரம் பருத்தித்துறையிலை பெண்பகுதியைப் பாக்கப் போகவேணும்" என்றார் நமசிவாயத்தார். "நேரம் வைச்ச விசயம். சிவக்கொழுந்து, பிள்ளையளை ஏத்து."

சிவக்கொழுந்து தயங்கினாள். ஆனாலும் சின்னவனைத் தூக்கினாள்.

குணலட்சுமி காருக்கு முன்னால் போய் நின்றாள். முன்பு நின்ற அதே நடு றோட்டில்.

"ஏறவேண்டாம் அக்கா" என்றாள். "நான் விலகமாட்டன்."

"குணம், சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

"விலகு."

"பிறேக் இருக்கெண்டால் என்னை இடியாமல் நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டினால் விலகிறன்."

கனகரத்தினத்தின் காதுமடல் சிவந்தது. இருபது வருடம் ஓடிய சாரதி. தன் கையால் றப்பர் போட்டு, தன் கையால் நான்கு சில்லும் ஏற்றிய பிறேக். ஒரு ஊருக்கு முன்னால் பெண்சாதி அதை இல்லையென்கிறாள்.

"சரி. நில். அதிலையே நில்" என்றார்.

பிள்ளைகளை இறக்கினார்கள். நமசிவாயத்தார் "வேண்டாம் மோனை" என்றார், ஆனால் காரைப் பிடிக்கவில்லை. கனகரத்தினம் பின்னுக்கு எடுத்தார். முந்நூறு அடி வரைக்கும் எடுத்து, நான் நின்ற இடத்தைத் தாண்டி நிறுத்தினார். முன்னால் றோட்டு வெறிச்சென்று கிடந்தது. அதன் முடிவில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விரிக்கவில்லை.

எஞ்சின் இரைந்தது. கார் என்னைக் கடந்தது. இரண்டாம் கியர் விழுந்த சத்தம் கேட்டது. நான் கூட்டிச் சொல்லும் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இதைக் குறைத்தே சொல்கிறேன். வேகம் ஒரு முப்பது மைல் இருக்கும். வாடியில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கழுத்துத் திரும்பவில்லை.

பாதித் தூரத்தில் எஞ்சின் சத்தம் அடங்கியது. அவர் அக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுத்துவிட்டார். கார் தன் பாட்டில் உருண்டது. பின்னால் நின்ற எனக்கு அதன் பிறேக் விளக்குகள் இரண்டும் நேரே தெரிந்தன. பெடலில் கால் பட்டால் எரிய வேண்டியவை. இப்போது எரியும், இப்போது எரியும் என்று பார்த்தேன். அவை எரியவில்லை. கடைசியில், மருந்து வேண்டாமல் கம்பியால் பிடிக்கும் கைபிறேக்கை இழுத்த கரகர சத்தம் கேட்டது. பின்சில்லுகள் இரண்டும் தாரில் உராய்ந்து இழுபட்டன. அவளுக்கு ஒன்பது அடி முன்னால், கொஞ்சம் கோணலாக, கார் நின்றது.

கரையில் நின்றவர்கள் கையைத் தட்டினார்கள்.

"பாத்தியளோ, அந்தமாதிரி நிண்டுது" என்றார் நமசிவாயத்தார். "சந்தேகம் தீர்ந்துது. ஏறுங்கோ பிள்ளையள்."

சின்னவன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான். கனகரத்தினம் அந்தக் கதவை உள்ளே இருந்தபடியே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தரும் ஏறவேண்டாம்" என்றார்.

"ஏன், பிறேக்தான் நல்லாயிருக்கே?"

அவர் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, இறங்கி அவளிடம் வந்தார். நான் கிட்டப் போய்விட்டேன், அதனால் கேட்டது.

"பெடலுக்குக் கால் போகேல்லை, குணம்" என்றார். "வைக்கத்தான் நினைச்சனான். அது போகேல்லை."

அவள் கையை நீட்டிச் சாவியை வாங்கி, சேலைத் தலைப்பில் முடிந்து, இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டாள். அதற்குப் பிறகுதான் கொதிக்கிற தாரிலேயே குந்தினாள். அவரும் பக்கத்தில் குந்தினார். ஊர் சுற்றி நின்று, நல்ல பிறேக் உள்ள ஒரு காரை ஏன் ஓட்டாமல் விடுகிறார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தது.